சிறு தொழிலுக்கு ஏற்ற சர்வர்: சிக்கனமாகத் தேர்ந்தெடுக்கும் முறை

விருதுநகர் மாவட்டத்தில் மழை குறைவு. கரிசல் நிலம் வானத்தை நம்பியே விளைகிறது. ஆயினும் உழைப்புக்கும் வாணிபத்துக்கும் இம்மாவட்டத்தில் என்றுமே குறைவு இருந்ததில்லை. பருப்பு, எண்ணெய், வற்றல் வாணிபத்துக்கு விருதுநகரும், நூற்பாலைகளுக்கு இராசபாளையமும், பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரும், காரச்சேவுக்குச் சாத்தூரும் பெயர் பெற்றவை. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களையும் ஒருங்கே வளர்த்த பெருமை சிவகாசிக்கு உண்டு.

இத்தொழில்களிற் பெரும்பாலானவை சிறியவை. நான்கு பேர் வேலை செய்யும் அச்சகம், குடும்பமே நடத்தும் பருப்பு ஆலை, உழவர்கள் சிலர் கூடித் தொடங்கிய உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றை நாம் எங்கும் காண்கிறோம். சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், இவற்றின் கணக்குகள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாறிவிட்டன. அதனுடன், “எங்கள் தொழிலுக்கு ஒரு சர்வர் வேண்டுமா? வேண்டுமெனில் எதை வாங்குவது? எவ்வளவு செலவாகும்?” என்ற கேள்வியும் கிராமங்கள் வரை வந்துவிட்டது. இக்கேள்விக்கு விடை காணும் முறையை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்பதைத் தமிழில் சேவையகம் என்பர். அது தனி வகையான அதிசயப் பொருள் அன்று. அதுவும் ஒரு கணினியே. மற்றக் கணினிகளும் கைப்பேசிகளும் கேட்கும்போது தன்னிடம் உள்ள கணக்கையும் கோப்பையும் எடுத்துக் கொடுப்பதும், அவை அனுப்புவதை வாங்கிச் சேமித்து வைப்பதும் அதன் வேலை. எப்போது கேட்டாலும் கொடுக்கவேண்டுமாதலால் அது எப்போதும் இயங்கிக் கொண்டிருக்க வேண்டும். பலரும் ஒரே ஏட்டைப் பார்ப்பதால் அந்த ஏடு பத்திரமாகவும் இருக்க வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு இது புதிதன்று. ஊராட்சிகளின் திட்டங்களும் வரவு செலவும் பதியப்படும் இ-கிராம் ஸ்வராஜ் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. அதன் சர்வர் ஊராட்சி அலுவலகத்தில் இல்லை; தொலைவில் ஓரிடத்தில் இருந்துகொண்டு நாடு முழுவதுமுள்ள ஊராட்சிகளுக்குப் பணி செய்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்கும் திட்டத்திற்கும் இதுவே அடிப்படை. 63,000 சங்கங்களுக்காக 2,516 கோடி ரூபாய் மதிப்பில் ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்த இத்திட்டத்தில், சங்கந்தோறும் தனித்தனிச் சர்வர் வைக்காமல், எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான மென்பொருளே அமைக்கப்பட்டது. ஆகவே சர்வர் நம் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. சொந்தமாக வைப்பதும் வாடகைக்கு எடுப்பதும் ஆகிய இரு வழிகளும் நமக்குத் திறந்திருக்கின்றன.

முதலில் பிரதி, பிறகு இயந்திரம்

சர்வர் வாங்கச் செல்வோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வேகத்தையும் விலையையுமே முதலில் விசாரிக்கின்றனர். நம்முடைய கருத்தில் முதற் கேள்வி அதுவன்று. “இந்தக் கணினி இன்றிரவு அழிந்து போனால், நாளைக் காலையில் நாம் இழந்து நிற்பது என்ன?” என்பதே முதற் கேள்வி.

சிவகாசி வட்டாரத்து வாணிபம் பெரிதும் கடனில் நடப்பது. நாட்காட்டியும் பட்டாசும் பருவத்துக்கு முன்பே அனுப்பப்பட்டு, பணம் பல மாதங்கள் கழித்து வருகிறது. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு மறைந்தால், சரக்கு மறைந்ததற்கு ஒப்பாகும். கணினியை 25,000 ரூபாய்க்கு மீண்டும் வாங்கலாம். ஓராண்டின் நிலுவைக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

நெருப்பின் தன்மையை இவ்வட்டாரத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய நேரத்தில் மீட்புப் பணியினர் முதலிற் கேட்பது, உள்ளே எத்தனை பேர் இருந்தனர் என்பதே. வருகைப் பதிவேடு அதே கட்டடத்தில் மட்டும் இருக்குமாயின் விடை கிடைப்பது அரிது. காலையில் வேலை தொடங்கியவுடன் அன்றைய வருகைப் பட்டியல் வெளியிடத்துக்கு ஒரு பிரதியாகச் சென்றுவிடுமானால் மீட்போருக்குத் துணையாகும்; பின்னர் உதவித்தொகை கோரும் குடும்பத்தினருக்கும் சான்றாகும். இதற்குப் பெரிய சர்வர் தேவையில்லை. பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து, நாள்தோறும் தவறாமல் வெளியே அனுப்பும் ஒழுங்கு இருந்தாலே போதும்.

பெரிய நிறுவனங்களும் இவ்விஷயத்தில் இடறியிருக்கின்றன. பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சர்வர் மாளிகை ஒன்று 2021 மார்ச் 10 அன்று தீக்கிரையாயிற்று. பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் மூலத்தையும் பிரதியையும் ஒருங்கே இழந்தனர். தென் கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தகவல் மையத்தில் மின்கலத்திலிருந்து மூண்ட தீயில், அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் அளவுக்கு அழிந்தன. அவற்றுக்கு வெளியே பிரதி இருக்கவில்லை. செல்வமும் தொழில்நுட்பமும் மிக்க நாட்டிலேயே இவ்வாறு நேருமெனில், நாம் எச்சரிக்கையுடன் இருப்பது கடமையாகும்.

எனவே, கையிலுள்ள பணத்தில் முதற் பங்கைப் பிரதிக்கு ஒதுக்குக. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருத்தல் வேண்டும் என்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை. இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி ஒன்றைக் கடையிலும் மற்றொன்றை வீட்டிலும் வைத்து, சனிக்கிழமைதோறும் மாற்றுவது எளிய வழி. இவற்றோடு நாள்தோறும் கணக்கை மட்டும் இணையம் வழியே வெளியிடத்துக்கு அனுப்பிவிட்டால் ஏற்பாடு நிறைவு பெறும்.

ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்குகளைப் பொருத்தி ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதச் செய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமலிருக்க அது உதவும். ஆனால் அது பிரதி ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் அது இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

தொழிலின் அளவறிந்து தேர்தல்

சிவகாசியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து, 1923இல் ஜெர்மானிய இயந்திரங்களைத் தருவித்துத் தொழிலைத் தொடங்கினர். அது எதிர்பார்த்த ஆதாயம் தராமற் போகவே, கையால் செய்யும் முறைக்கு மாறினர், தொழில் தழைத்தது. இயந்திரம் தீயது என்பதன்று இதன் பொருள். தொழிலின் அளவுக்கு ஏற்ற கருவியே ஆதாயம் தரும் என்பதே.

அளவைக் கணக்கிடுவது கடினமன்று. நாளொன்றுக்கு 50 பட்டியல் போடும் கடை, ஆண்டுக்கு 300 நாள் நடந்தால் 15,000 பட்டியல்கள் சேரும். ஒரு பட்டியலுக்கு 10 கிலோபைட் எனக் கொண்டால் ஆண்டுக்கு 150 மெகாபைட். விரல் நீளமுள்ள ஒரு பென் டிரைவிற் பல ஆண்டுக் கணக்கு அடங்கிவிடும். அச்சகத்தின் நிலை வேறு. நாட்காட்டிக்கான ஒரு படக் கோப்பு 300 மெகாபைட் இருக்கலாம். அத்தகைய 300 கோப்புகள் சேர்ந்தால் 90 ஜிகாபைட். இவ்வாறு தத்தம் தொழிலின் அளவைக் கண்டபின், கீழ்க்கண்ட மூன்று வகைகளில் தாம் எதைச் சேர்ந்தவர் என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வகை: ஒருவர் மட்டுமே கணக்கு எழுதும் தொழில். இவர்களுக்குச் சர்வர் தேவையே இல்லை. ஒரு நல்ல கணினியும் மேற்சொன்ன பிரதி முறையும் போதும். மிச்சமாகும் பணத்தை முதலீட்டில் போடலாம்.

இரண்டாம் வகை: ஒரே கட்டடத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை கணினியில் வேலை செய்யும் தொழில். சிறு அச்சகம் இதற்கு எடுத்துக்காட்டு. பெரிய படக் கோப்புகளை அடிக்கடி திறந்து மூட வேண்டியிருப்பதால், அவை கட்டடத்திலேயே இருப்பது நன்று. நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் அனுப்பும் இணைப்பில் 300 மெகாபைட் கோப்பு வெளியே செல்ல இரண்டு நிமிடம் ஆகும். கைப்பேசி இணைப்பில் அவ்வேகம் 2 மெகாபிட்டாகக் குறைந்தால் இருபது நிமிடம் ஆகும். ஒரு நாளில் இருபது முறை இவ்வாறு காத்திருக்க எந்த வேலையாளுக்கும் பொறுமை இராது. ஆகவே ஒரு சிறு கணினியைப் பொதுவில் வைத்து, மற்றவற்றைக் கம்பி வழியே அதனுடன் இணைப்பது சிக்கனம். புதிய கோப்புகள் இரவில் வெளியிடத்துக்குச் சென்று சேரட்டும்.

இதற்கெனச் சர்வருக்குரிய விலை உயர்ந்த விண்டோஸ் வாங்க வேண்டுவதில்லை. சாதாரண விண்டோஸ் கணினியே ஒரே நேரத்தில் 20 இணைப்புகள் வரை கோப்பைப் பகிர்ந்து கொடுக்கும். லினக்ஸ் என்னும் இலவச அமைப்பைக் கையாளத் தெரிந்தவர் இருந்தால் அச்செலவும் இல்லை. டாலி போன்ற கணக்கு மென்பொருளில் ஒரு கணினிக்கான உரிமமும் பல கணினிகளுக்கான உரிமமும் வேறு வேறு என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்க.

மூன்றாம் வகை: பல இடங்களிலிருந்து ஒரே கணக்கைப் பார்க்க வேண்டிய தொழில். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. கிராமங்களிற் கொள்முதல், நகரத்தில் கிடங்கு, வேறோரிடத்தில் விற்பனை என்று பிரிந்திருப்போருக்கு வாடகை முறையே ஏற்றது.

வாடகையிலும் இரு விதம் உண்டு. கணக்கு மென்பொருளையும் சர்வரையும் சேர்த்தே வாடகைக்குத் தருவது ஒன்று. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்திவரும் ஜோஹோ போன்ற நிறுவனங்கள் இவ்வாறு செய்கின்றன. சர்வரை மட்டும் வாடகைக்கு எடுத்து, மும்பையில் உருவான இ.ஆர்.பி. நெக்ஸ்ட் போன்ற கட்டற்ற மென்பொருளை நாமே அதில் நிறுவிக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது முறை பார்வைக்கு மலிவாகத் தோன்றும். ஆயின் அதனைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் உடனிருத்தல் வேண்டும். அத்தகையவர் இல்லாத இடத்தில் முதலாவது முறையையே நாம் பரிந்துரைக்கிறோம்.

ஐந்தாண்டுச் செலவு

மாடு வாங்குவோர் தீவனச் செலவையும் சேர்த்தே எண்ணுவர். சர்வருக்கும் அவ்வாறே ஐந்தாண்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். கீழே காட்டியிருப்பவை விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட விலைகள். அவரவர் ஊரில் விசாரித்த விலையை அந்தந்த இடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

சொந்தச் சர்வர்: கணினி 25,000 ரூபாய், இரண்டு வெளி டிஸ்க்குகள் 12,000, யு.பி.எஸ். 5,000, இடையில் ஒருமுறை மின்கலம் மாற்ற 1,500. இனி மின்சாரம். சராசரி 30 வாட் இழுக்கும் சிறு கணினி, ஆண்டு முழுவதும் ஓயாது இயங்கினால் ஏறத்தாழ 263 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 2,100, ஐந்தாண்டுக்கு 10,500. மொத்தம் 54,000 ரூபாய், அதாவது மாதம் 900 ரூபாய்.

வாடகைச் சர்வர்: சிறு அளவிலான ஒன்றுக்கு மாதம் 700 ரூபாய் எனக் கொண்டால் அறுபது மாதத்துக்கு 42,000. அதன்மேல் 18 சதவீத வரி 7,560. மொத்தம் 49,560 ரூபாய், அதாவது மாதம் சுமார் 826 ரூபாய். இதிலும் கணக்கை நம் கையில் வைத்துக்கொள்ள ஒரு வெளி டிஸ்க் வேண்டும். அதற்கு 6,000 ரூபாயைக் கூட்டினால் 55,560 ஆகும். இணைய இணைப்பு இரு முறைகளுக்குமே தேவையாதலால் அதனைச் சேர்க்கவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஐந்தாண்டில் 1,560 ரூபாய்தான். ஆகவே மலிவு எது என்பதைவிட, வேலை ஓரிடத்தில் நடக்கிறதா, பல இடங்களில் நடக்கிறதா என்பதே தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய சர்வர்கள் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கண்டு மயங்குதல் கூடாது. 150 வாட் இழுக்கும் அத்தகைய இயந்திரம் ஆண்டுக்கு 1,314 யூனிட் செலவிடும். சிறு கணினிக்கு ஐந்தாண்டுக்கு ஆகும் 10,500 ரூபாய் மின்கட்டணம் இதற்கு ஓராண்டிலேயே ஆகிவிடும். இரைச்சலும் வெப்பமும் வேறு.

பழைய மேசைக் கணினி வாங்குவதில் தவறில்லை. ஆனால் விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவது 2025 அக்டோபர் 14 உடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் வகையாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன செயலி வேண்டும். வாங்குமுன் இதனைக் கேட்டறிக.

வைக்கும் இடமும் மின்சாரமும்

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் உள்ளோர் கணினியை அலுவலகக் கட்டடத்திலேயே வைக்க வேண்டும். மருந்து கலக்கும் அறை, நிரப்பும் அறை, சரக்கு அறை ஆகியவற்றிலோ அவற்றை ஒட்டியோ கணினியும் யு.பி.எஸ்.ஸும் வைத்தல் அறவே கூடாது. மின்பொறி ஒன்றே பேரிழப்புக்குப் போதும். மேலும், பட்டாசில் சேரும் அலுமினியத் தூள் மின்சாரத்தைக் கடத்துவது. அது கணினிக்குள் படிந்தால் உறுப்புகள் பழுதாகும். வேலையுடையுடன் வந்து கணினியில் அமர்வதையும் தவிர்க்க வேண்டும்.

அச்சகத்தாருக்குக் காகிதத் தூசியே பகை. தரையில் வைக்காமல் மேசை உயரத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை தூசு தட்டுக.

மின்தடைக்கு யு.பி.எஸ். இன்றியமையாதது. கணக்கு எழுதப்பட்டுக் கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் ஏடே சிதைந்துபோகக் கூடும். சிறிய யு.பி.எஸ்.ஸில் உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தில் 84 வாட்-மணி அடங்கும். அதிற் கழிவு போக, 40 வாட் இழுக்கும் சிறு கணினியும் ரவுட்டரும் சுமார் ஒரு மணி நேரம் ஓடும். கோப்பை மூடி ஒழுங்காக நிறுத்த அது தாராளம். மின்கலம் உப்பியிருந்தாலும் சூடேறினாலும் உடனே மாற்றுக.

ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் மிகும். மின்கம்பி வழியே மட்டுமின்றி இணையக் கம்பி வழியேயும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும். இடி தொடங்கியதும் இரண்டையும் கழற்றிவிடுதல் நலம். நிலத்தொடர்பு சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு ஆண்டுதோறும் பார்த்து, கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வருக.

களவும் காவலும்

திருடன் இப்போது கதவு வழியே மட்டும் வருவதில்லை. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற கணினி நச்சு சுமார் 150 நாடுகளில் பரவிக் கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்டது. அதனைத் தடுக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியாகியிருந்தது; அதனை இட்டுக்கொண்ட கணினிகள் தப்பின. ஆகவே, வரும் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் ஏற்பதே முதற் காவல்.

ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வைத்து, வேலையை விட்டுச் சென்றவரின் கடவுச்சொல்லை அன்றே நீக்குக. வீட்டிலிருந்து பார்ப்பதற்காகக் கடைக் கணினியின் கதவை இணையத்தில் திறந்து வைத்தல் ஆபத்தானது. பிரதி எடுக்கும் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும்; மாட்டியே இருந்தால் நச்சு அதனையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

சட்டம் வேண்டுவன

கம்பெனிகள் சட்டத்தின்படி பதிவு பெற்ற உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் மூன்று விதிகளைக் கவனிக்க வேண்டும். கணக்கேடுகளைக் கணினியில் வைத்திருந்தால், அவற்றின் பிரதி நாள்தோறும் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் இருத்தல் வேண்டும். இவ்விதி 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் யார் எதை எப்போது மாற்றினார் என்பதைத் தானே பதிந்து வைக்கும் மென்பொருளையே உபயோகிக்க வேண்டும். ஏடுகளை எட்டு நிதியாண்டுகள் காத்து வைக்க வேண்டும். விலை மலிவு என்று வெளிநாட்டுச் சர்வரை மட்டும் நம்புவோர் இவ்விதிகளை மீறியவராவர். சென்னை, மும்பை, ஐதராபாத் நகரங்களிலேயே வாடகைச் சர்வர்கள் கிடைக்கின்றன.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதங்கள் ஏடுகளை வைத்திருத்தல் வேண்டும். வாடகை நிறுவனத்தை மாற்றும்போது பழைய கணக்கை முழுமையாக எடுத்துக்கொள்வது இதனால் அவசியமாகிறது.

பட்டாசு வியாபாரிகள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இணைய வாணிபத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் ஏற்று விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் தடை செய்தது. இணையத்தில் பட்டாசு விற்றுத் தருவதாகச் சொல்லிச் சர்வருக்கும் வலைத்தளத்துக்கும் பணம் கேட்போரிடம் கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்க. முகவரியையும் தொழிலின் விவரத்தையும் காட்டும் ஒரு பக்கத்துக்குத் தனிச் சர்வர் எதுவும் தேவையில்லை.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பணம் கொடுப்பதற்கு முன் பின்வரும் ஐந்தையும் கேட்டு, விடையை எழுத்தில் பெறுக.

1. எங்கள் கணக்கு எந்த ஊர்ச் சர்வரில் இருக்கும்? அதன் பிரதி எந்த ஊரில் இருக்கும்?

2. நாங்கள் விலகினால் முழுக் கணக்கையும் எந்த வடிவில், எத்தனை நாளில் தருவீர்கள்?

3. வலைமுகவரியும் கணக்கும் எங்கள் தொழிலின் பெயரில் பதியப்படுமா, உங்கள் பெயரிலா?

4. இரண்டாம் ஆண்டில் வாடகை எவ்வளவு? முதலாண்டுச் சலுகை முடிந்தபின் எவ்வளவு?

5. பழுதானால் யார் வருவார்? எத்தனை மணி நேரத்தில் வருவார்?

மூன்றாம் கேள்வியைச் சிறியதென்று தள்ளிவிடலாகாது. வலைமுகவரி பிறர் பெயரில் இருக்குமாயின், பல ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பெயர் அவர் கையிற் போய்ச் சேரும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

ஊர்தோறும் சிறு தொழில்கள் தனித்தனியே ஆள் வைத்துச் சர்வரைப் பராமரிக்க இயலாது. ஒரே வட்டாரத்தில் உள்ள நான்கைந்து உற்பத்தியாளர் குழுக்கள் கூடி ஒரு கணினிப் பணியாளரை மாதம் சில நாள் அமர்த்திக்கொள்ளலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இதற்குத் தக்க அமைப்பு. தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் குறிக்கோள். தம் ஊரில் இணைப்பு எந்நிலையில் உள்ளது, தொழில் செய்வோர் அதனைப் பெறும் வழி யாது என்பதைக் கேட்டறிந்து கிராம சபையில் தெரிவிப்பது உறுப்பினர்களின் நல்ல பணியாகும்.

இறுதியாக ஒரு சோதனை. பிரதி இருக்கிறது என்பதும், அது திறக்கிறது என்பதும் ஒன்றல்ல. விதை நெல்லைப் பத்தாயத்தில் வைத்திருப்பவரும் விதைக்குமுன் ஒரு பிடியை முளைகட்டிப் பார்க்கிறார் அல்லவா? அதுபோல மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, பிரதி டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, சென்ற மாதத்துப் பட்டியல் ஒன்றையும் நிலுவைப் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க. திறக்காவிடில் அன்றைக்கே சரி செய்க. இச்சோதனைக்கு அரை மணி நேரம் போதும், செலவு ஏதுமில்லை. புதிய சர்வர் வாங்கும் எண்ணம் உள்ளவர்களும், இப்போதுள்ள கணினியில் இச்சோதனையை முடித்துப் பார்த்த பிறகே கடைக்குப் புறப்படுதல் நலம்.